தார்சியுஸ் வைத்த புள்ளிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா, இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது இல்லை. பர்னபாஸ் அண்ணன் சொல்லிக் கேட்டது. அவரும் எல்லாவற்றையும் பார்க்கவில்லை, அந்தத் தெருக்காரர்கள் சொன்னதைத்தான் எனக்குச் சொன்னார். எது யார் சொன்னது என்று சொல்லிக்கொண்டே போகிறேன். அப்படிச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

சவேரியார்பட்டினத்துக்குப் பிரிகிற விலக்கு வந்தால் மட்டும் சொல்லிவிடுங்கள். காயல்பட்டினம் தாண்டி வரும் என்றார் கண்டக்டர். நீங்கள் அதற்கும் அந்தப் பக்கமா? நல்லதாகப் போயிற்று. இல்லை, பையை மேலே வைக்க வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். உள்ளே லேப்டாப் இருக்கிறது. இன்றைக்கு அது கீழே விழக்கூடாது.

என் பெயர் முத்துப்பேச்சி. ஊர் ஓட்டப்பிடாரம் பக்கம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தது நான்தான் முதலில். அதனால் என்ன என்று கேட்பீர்கள். அதனால், ஒரு வேலை கொடுத்தால் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பேன். மற்றவர்கள் தப்புச் செய்தால் கவனக்குறைவு என்பார்கள். நான் செய்தால் வேறு ஏதோ சொல்வார்கள் என்று ஒரு பயம். யாரும் சொன்னதில்லை. ஆனாலும் இருக்கும்.

திருநெல்வேலியில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். கடைக்கு, ஸ்கூலுக்கு என்று வெப்சைட் செய்து கொடுப்பார்கள். அங்கேதான் "அணியம்" வேலை வந்தது.

அணியம் என்றால் கப்பலின் முன்பக்கமாம். கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற இணையதளம் அது. ஆபீசர்கள் இல்லை. டெக்கில், இன்ஜின் ரூமில், சமையல்கட்டில் நிற்கிறவர்கள். எந்த ஏஜென்ட் ஏமாற்றுவான், எந்தக் கப்பலில் சாப்பாடு மோசம், எந்தத் துறைமுகத்தில் சிம் கார்டு கிடைக்கும், எல்லாம் அதில் இருக்கும். பர்னபாஸ் அண்ணன் ஆரம்பித்தது. கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர், முதுகு போய் ஊரோடு வந்துவிட்டார்.

அதில் "இருக்கேன்" என்று ஒரு பகுதி. இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் மற்றது புரியாது. நடுக்கடலில் போன் வேலை செய்யாது. கரையை ஒட்டிப் போகும்போதோ நங்கூரம் போட்டு நிற்கும்போதோ கொஞ்சம் சிக்னல் எட்டிப் பார்க்கும். பேச முடியாது, படம் போகாது. ஆனால் ஒரு புள்ளி போகும். அந்தப் பகுதியில் போய் ஒரே ஒரு புள்ளி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். இருக்கேன் என்று அர்த்தம். இங்கே வீட்டில் இருக்கிற பெண்கள் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "உங்க வீட்டுல புள்ளி வந்துட்டா?" என்றுதான் குழாயடியில் பேச்சே ஆரம்பிக்குமாம். "வந்துட்டு வந்துட்டு, புள்ளி மட்டும் தவறாம வருது, சம்பளந்தான் வரக் காணோம்" என்று பதில் வருமாம். பர்னபாஸ் அண்ணன் இதைச் சொல்லும்போது இரண்டு குரலிலும் பேசிக் காட்டினார்.

தார்சியுஸ் என்று ஒருவர். சவேரியார்பட்டினத்துக்காரர். எண்ணெய்க் கப்பலில் வேலை. அவர் மனைவி ஜெனிட்டா. நான் இப்போது போவது அந்த அக்கா வீட்டுக்குத்தான்.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் ஏஜென்ட் ஆபீசிலிருந்து போன் வந்ததாம். போன வியாழக்கிழமை ராத்திரி கப்பல் நடுக்கடலில் போய்க்கொண்டிருந்தபோது தார்சியுஸ் தவறிக் கடலில் விழுந்துவிட்டார், தேடினோம், கிடைக்கவில்லை என்று. கப்பலில் அப்படித்தான் எழுதியும் வைத்திருந்தார்கள்.

ஜெனிட்டா அக்கா அழவே இல்லையாம். "வியாழக்கிழம எப்படி விழுவாவ? ஞாயித்துக்கிழம காலையில புள்ளி வச்சாவளே" என்றாராம். பூசைக்குக் கிளம்பும்போது பார்த்தாராம், பார்த்துவிட்டுத்தான் மாமியாரிடம் "உங்க மவன் இருக்காவ" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

நடுக்கடலில் புள்ளி வைக்க முடியாது. கப்பல் சனிக்கிழமைதான் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டது. அங்கே டேங்க் கழுவுகிற வேலை நடந்திருக்கிறது. பர்னபாஸ் அண்ணன் எனக்கு இப்படி விளக்கினார்: "நடுக்கடல்ல தன்னால விழுந்தாம்னா அது அவந் தப்பு. நங்கூரத்துல நிக்கும்போது டேங்குக்குள்ள எறக்கி ஆளு போச்சுன்னா அது கம்பெனி தப்பு. அதான் பிள்ள விஷயம். ஞாயித்துக்கிழம அவன் இருந்தானா இல்லையா, அவ்வளவுதான்."

அந்தப் புள்ளியைப் போட்டோ எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "எதுக்கு எடுக்கணும்? அதுதான் அங்கயே இருக்கே, எங்க போயிரப் போகுது" என்று பர்னபாஸ் அண்ணன்தான் அப்போது சொன்னாராம். விசாரணை வரட்டும், அதிகாரி முன்னால் தளத்தைத் திறந்தே காட்டிவிடலாம் என்று இருந்திருக்கிறார்கள். விசாரணை தள்ளித் தள்ளிப் போனது. கப்பலிலிருந்து அவர் பெட்டி வந்தது. அதில் துணி இருந்தது, ஜெபமாலை இருந்தது, போன் இல்லை.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. நான் சத்தியமாகச் சொல்கிறேன். தார்சியுஸ் எனக்கு ஒரு பெயர், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் எங்களிடம் வேலை வந்தது. அணியம் இருந்த பழைய சர்வரை மூடப்போகிறார்கள், எல்லாவற்றையும் புது இடத்துக்கு மாற்ற வேண்டும். பர்னபாஸ் அண்ணன் ஆபீசுக்கு நேரில் வந்து சொன்னது ஒன்றுதான்: "ஒண்ணுகூட விட்டுரக் கூடாது. சண்டைகூட அப்படியே வரணும்." எங்கள் முதலாளி நெல்லையப்பன் சார் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். தனியாக எனக்கு என்று கொடுத்த முதல் வேலை.

பெரிய பெரிய பதிவுகள் எல்லாம் பிரச்சினை இல்லாமல் வந்துவிட்டன. எழுதினவர் பெயர், தேதி, எல்லாம் சரியாக. சண்டைகளும் வந்தன. புள்ளிகள் மட்டும் வரவில்லை. புதுத் தளம் பத்து எழுத்துக்குக் குறைவான எதையும் பதிவு என்றே ஒத்துக்கொள்ளாது. "இருக்கேன்" பகுதியைத் திறந்தால் வெறும் பக்கம்.

நெல்லையப்பன் சார், "புள்ளியத் தூக்கிப் போடும்மா, அதுல என்ன இருக்கு?" என்றார். இதை நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், உங்களிடமும் சொல்கிறேன். அவர் தூக்கிப் போடச் சொன்னார். நான்தான் முடியாது என்றேன். ஒன்றுகூட விடக்கூடாது என்று பர்னபாஸ் அண்ணன் சொல்லியிருக்கிறார், நான் சரி என்று தலையாட்டியிருக்கிறேன். அதன் பிறகு எப்படி விட முடியும்?

ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்ப்யூட்டரில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் உண்டு அக்கா. இடத்தை அடைக்கும், ஆனால் தெரியாது. புள்ளிக்குப் பின்னால் அதைச் சேர்த்துவிட்டால் பத்து எழுத்து ஆகிவிடும், பார்த்தால் ஒரே ஒரு புள்ளிதான் தெரியும். அப்படி ஒவ்வொருவர் பெயரிலும் உள்ளே போய், அவரவர் புள்ளியை அவரவரே வைத்த மாதிரி வைக்கிறதற்கு ஒரு புரோகிராம் எழுதினேன். என் பெயரில் மொத்தமாகக் கொட்டியிருக்கலாம். சுலபம். அது சரியாக இருக்காது என்று தோன்றியது. பழைய பக்கத்தில் தெரிந்த புள்ளி அத்தனையும் புதுப் பக்கத்துக்கு வந்தது. ஒருவருடையது இன்னொருவருக்குப் போகவில்லை. எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

தேதி மட்டும் வைக்கிற அன்றைய தேதியாகத்தான் விழும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது, அது புதுத் தளத்தின் பழக்கம். அதற்காகத்தான் நோட்டீஸ் போட்டேன். "இப்பகுதியிலுள்ள முந்தைய பதிவுகளின் தேதிகள் தளமாற்றத்தினால் மாறியுள்ளன" என்று பக்கத்தின் தலையிலேயே, சிவப்பு எழுத்தில். போனில் பார்த்தால் அது மடங்கிக்கொள்ளும், அம்புக்குறியைத் தொட்டால் விரியும். தொட்டால் விரியும் அக்கா. தொட வேண்டும்.

அடுத்து நடந்தது நான் பார்க்காதது.

புதுத் தளத்தில் இன்னொரு வசதி இருந்தது. நமக்கு வேண்டியவர் ஏதாவது எழுதினால் உடனே நம் போனில் மணி அடிக்கும். பர்னபாஸ் அண்ணன்தான் முந்தின வாரமே எல்லாக் குடும்பத்தையும் புதுத் தளத்தில் சேர்த்து, அதைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நான் புரோகிராமை ஓட விட்டதும் அந்தக் கடற்கரை முழுக்க போன்கள் அடிக்க ஆரம்பித்துவிட்டன. முதலில் சிரிப்புத்தானாம். ஒரு பெண் தெருவில் நின்று சத்தம் போட்டாளாம்: "எம் புருசன் இந்தா உக்காந்து மீனு திங்கான், இவம்பேர்ல புள்ளி வருது பாருங்கட்டி! எவ கூடவும் ஓடிட்டாம்னு நெனச்சிராதீங்க!"

ஜெனிட்டா அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாராம். போன் உள்ளே இருந்தது. மாமியார்தான் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாராம். திரையில் "தார்சியுஸ் புதிய பதிவு இட்டுள்ளார்" என்று இருந்தது. படித்து முடிப்பதற்குள் இன்னொன்று. அதற்குள் இன்னொன்று. அவர் பல வருடம் கடலில் இருந்தவர், புள்ளிகள் நிறைய. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்ததாம்.

நமக்குத் தெரியும், அது பழைய புள்ளிகள் என்று. அந்த அக்காவுக்கு எப்படித் தெரியும்? ஒரு புள்ளி வைத்தால் இருக்கேன் என்று அர்த்தம். இத்தனை புள்ளியை ஒரே மூச்சில் வைத்தால் என்ன அர்த்தம்? எங்கேயோ பூட்டி வைத்திருக்கிறார்கள், ஒரு போன் கையில் கிடைத்திருக்கிறது, பேச முடியாமல் அதையே அழுத்திக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருக்கிறார். ஈரக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு "தெரியுது, தெரியுது, வாரோம், வாரோம்" என்று அதனிடமே சொல்லிக்கொண்டிருந்தாராம். மாமியார் உள்ளே போய் மகன் படத்திலிருந்த மாலையைக் கழற்றிவிட்டார். தெருவே கூடிவிட்டது. பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொன்னாராம்.

பர்னபாஸ் அண்ணன் வந்து சொல்லிப் பார்த்திருக்கிறார். "கம்ப்யூட்டர்ல மாத்துறாங்க, அதான் வருது" என்று. ஜெனிட்டா அக்கா அவர் சட்டையைப் பிடித்துவிட்டாராம். "அன்னைக்கு ஞாயித்துக்கிழம புள்ளியையும் நீங்கதான் நம்பாதன்னு சொல்லுவீய" என்று. அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னவர் இல்லை. மறுநாள் காலையில் அந்த அக்கா ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார், என் புருசன் உயிரோடு இருக்கிறார், எனக்குப் புள்ளி அனுப்பினார், கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று. பேப்பரில்கூட வந்தது.

தண்ணீர் இருக்கிறதா அக்கா? கொடுங்கள். இல்லை, தலை சுற்றல் எல்லாம் இல்லை. பேசினால் இப்படித்தான் வறண்டுவிடும்.

நவம்பரில் விசாரணை. தூத்துக்குடியில். இது நான் நேரில் இருந்தது, இதை நம்பலாம். தளத்தை மாற்றியவர் யார் என்று கேட்டு என்னை வரச் சொல்லியிருந்தார்கள். நெல்லையப்பன் சார், "உள்ளத உள்ளபடி சொல்லு, கூட ஒரு வார்த்தை வேண்டாம்" என்றார். கூட ஒரு வார்த்தை சொல்கிற ஆள் நான் இல்லை.

கப்பல் கம்பெனி வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார். "உக்காரும்மா" என்றார். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார்.

"இந்தத் தேதியெல்லாம் உண்மையாம்மா?"

"இல்லை சார். மாற்றியபோது விழுந்த தேதி."

"எல்லாமேவா?"

"இருக்கேன் பகுதியில் அதற்கு முன்னால் வந்தது எல்லாமே சார். புள்ளி ஒன்றுகூட விடாமல் கொண்டுவந்தேன், தேதிதான் மாறியது."

"இதுல எந்தப் புள்ளி எந்த நாள் வச்சதுன்னு யாராவது சொல்ல முடியுமா?"

"முடியாது சார்."

"பழைய தேதி வேற எங்கயாவது இருக்கா?"

"இல்லை சார். பழைய சர்வரை மூடிவிட்டார்கள்."

ஒன்றும் பொய் இல்லை. எனக்குத் தெரிந்தது அதுதான். அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதிக் காட்டியதை நான் முழுக்கப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஜெனிட்டா அக்கா எழுந்து, "ஞாயித்துக்கிழம காலையில, பூசைக்குப் போகையில, நான் பாத்தேன் சார்" என்றார். வக்கீல் அவர் பக்கம் திரும்பினார். "அம்மா, ஆகஸ்ட்ல அவர் உயிரோட இருக்கார்னு புகார் கொடுத்ததும் நீங்கதானே? அதையும் இதே போன்லதானே பார்த்தீங்க?"

ஜெனிட்டா அக்கா உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது, மறைக்க மாட்டேன். துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நாள் குழம்பும். முந்தின வாரம் பார்த்ததை அந்த ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்துக்கொள்வார்கள். அதில் யார் தப்பும் இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் ஜெனிட்டா அக்கா என்னை நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"பாப்பா, ஒண்ணுகூட விடாமக் கொண்டாந்தேன்னு உள்ள சொன்னியே."

"ஆமாக்கா. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை."

"புள்ளியில எழுத்து எங்க இருக்கு? என்னைக்கு வச்சதுங்கிறதுதான இருக்கு?"

நோட்டீஸ் போட்டிருந்தேன் என்று சொன்னேன். அம்புக்குறியைத் தொட்டால் விரியும் என்று போனை வாங்கிக் காட்டவும் செய்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ம்" என்றார். அப்புறம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

டிசம்பரில் ஜெனிட்டா அக்கா கப்பல் கம்பெனி கொடுத்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று பர்னபாஸ் அண்ணன் சொன்னார். தார்சியுஸ் தன் கவனக்குறைவால் நடுக்கடலில் விழுந்தார், இனிமேல் எங்களுக்கு ஒரு கேள்வியும் இல்லை என்று. மாமியார் மாலையை மறுபடியும் மாட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். ஜெனிட்டா அக்காதான் நாற்காலி போட்டு ஏறி மாட்டியிருக்கிறார்.

எனக்கும் வேலை போய்விட்டது. பேப்பரில் எங்கள் கம்பெனி பெயர் வந்துவிட்டது, இல்லையா. தூக்கிப் போடு என்று சொன்னவர் அங்கேயே இருக்கிறார், தூக்கிப் போடாதவள் வெளியே. இதைச் சொல்லக்கூடாது, இன்றைக்கு இதைச் சொல்லப் போகவில்லை. ஆனால் மனதில் இருக்கிறது. அணியத்துக்கும் இப்போது யாரும் வருவதில்லை. "இருக்கேன்" பகுதியில் ஒருவரும் புள்ளி வைப்பதில்லை. அத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்து வைத்திருக்கிறது, அப்படியே கிடக்கிறது.

விலக்கு வந்துவிட்டதா? இல்லையா? சரி.

போன வாரம் பர்னபாஸ் அண்ணன் போன் செய்தார். "பேச்சி, எம் மெயிலு நெறஞ்சுட்டுன்னு காட்டுது. அந்த சர்வர்காரன் மூடுறதுக்கு முன்னால என்னமோ ஒரு பெரிய ஃபைல் அனுப்பியிருக்கான் பிள்ள. தொறக்கவும் மாட்டேங்குது. அழிச்சிரவா?"

அழிக்க வேண்டாம், எனக்கு அனுப்புங்கள் என்றேன். பழைய தளம் மொத்தமும் அதில் இருந்தது, தேதியோடு. அவருக்கு அது என்னவென்று தெரியாது. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நான் எதையும் விடவில்லை என்பதைச் சரிபார்க்கத்தான் திறந்தேன். முதலில் எண்ணிக்கையைத்தான் பார்த்தேன். தார்சியுஸ் பெயரில் மட்டும் இடித்தது. அதில் இருந்தது அதிகம், நான் கொண்டுவந்தது குறைவு.

ஞாயிற்றுக்கிழமைப் புள்ளி இருந்தது அக்கா. காலையில், முதல் பூசைக்குக் கொஞ்சம் முன்னால். ஜெனிட்டா அக்கா சொன்னபடியே. ஆனால் அது நான் ஏற்கெனவே கொண்டுவந்த புள்ளி. எண்ணிக்கை இடித்தது அதற்குக் கீழே இருந்தவற்றால். அவற்றுக்கு எதிரே "காட்ட வேண்டாம்" என்று ஒரு குறி.

பர்னபாஸ் அண்ணனைக் கூப்பிட்டு அது என்ன குறி என்று கேட்டேன். "அது செத்தவங்க கணக்கு பிள்ள. ஆளு போயிட்டாம்னா அவம் பேர பூட்டிருவோம். வேற எவனும் அந்தப் பேர்ல வந்து வெளையாடிரக் கூடாதுல்லா. பூட்டுன பெறகு யாரு என்ன போட்டாலும் பக்கத்துல தெரியாது." தார்சியுஸ் கணக்கை எப்போது பூட்டினீர்கள் என்றேன். "சேதி வந்த உடனேதான். திங்கக்கிழம மத்தியானம். எங்கையாலதான் பூட்டுனேன். ஏம் பிள்ள கேக்க?"

பக்கத்தில் தெரிந்ததைத்தான் நான் கொண்டுவந்தேன். தெரியாததை எப்படிக் கொண்டுவர முடியும், நீங்களே சொல்லுங்கள். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். முதலில் ஜெனிட்டா அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்ட பிறகு சொல்லி என்ன பிரயோஜனம் என்று கேட்கிறீர்களா? எனக்குத் தெரியவில்லை.

கடிகாரத்தில் ஏதாவது குழப்பம் இருக்குமோ என்று அதையும் பார்த்தேன். இல்லை, பழைய சர்வர் நம் ஊர் நேரத்தில்தான் ஓடியிருக்கிறது. கடலில் விழுந்துவிட்டார் என்று போன் வந்து, ஊரில் எல்லோரும் அழுதுகொண்டிருந்த அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு புள்ளி. கடைசிப் புள்ளி, மறுநாள் செவ்வாய்க்கிழமை விடியற்காலை.